தகப்பன் வரும் சாமம்

பங்குனி பிறந்து வயல் வேலை ஓய்ந்துவிட்டால் ரிஷிவந்தியத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் எங்காவது பாரதம் வைத்திருப்பார்கள். திரௌபதி அம்மன் கோயிலில் கொடியேற்றிக் காப்புக் கட்டியதும் பிற்பகலில் பாரதப் பிரசங்கம், இராத்திரியில் கூத்து, கடைசி நாள் காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி. பழைய தென்னார்க்காடு முழுக்க இதுதான் முறை. 1993-இல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது, 2019 நவம்பரில் அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. முறை அப்படியே இருக்கிறது. அந்த முறைக்குள் ஒரு கட்டத்துக்குக் கிடைத்துவந்த நேரம்தான் சுருங்கிப்போய்விட்டது. தெய்வம் இறங்கி வந்து, மனிதர் நடுவே வளர்ந்த தன் பிள்ளைக்கு அவன் யார் என்று சொல்லும் கட்டம் அது.

பாரதமே அப்படிப்பட்ட பிள்ளைகளின் கதை. தருமன் எமனுக்குப் பிறந்தவன், பீமன் வாயுவுக்கு, அர்ச்சுனன் இந்திரனுக்கு, நகுல சகாதேவர் அசுவினி தேவர்களுக்கு, எல்லோருக்கும் மூத்தவன் சூரியனுக்கு. பெற்றுவிட்டுத் தெய்வங்கள் போய்விட்டன. வளர்த்தது மனுஷர்கள். என்றைக்காவது ஒருநாள் தகப்பன் வந்தாக வேண்டும். வந்தவன் நேராக வருவதும் கிடையாது. எமன் நச்சுப் பொய்கைக் கரையில் தம்பிமார்களைச் சாய்த்துப் போட்டுவிட்டு, மூத்தவனைக் கேள்வி கேட்டுச் சோதித்த பிறகுதான் தன்னைக் காட்டிக்கொள்கிறான். இந்திரன் கிழவனாக வருகிறான். சூரியன் கனவில் வருகிறான். கூத்துப் பார்க்க உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு எல்லாம் தெரியும். தெரியாதவன் களரியில் கிரீடம் கட்டி ஆடிக்கொண்டிருப்பவன் ஒருவன்தான். அவனுக்குத் தெரியவரும் நேரத்துக்காகத்தான் பாட்டி விடிய விடிய விழித்திருந்தாள்.

இந்திரன் இந்தப் பக்கத்துக்குப் புதியவனும் அல்ல. ரிஷிவந்தியம் அர்த்தநாரீசுவரர் கோயிலில் அவன் வழிபட்டதாகத் தலபுராணம் சொல்கிறது. அங்கே லிங்கத்துக்குத் தேன் அபிஷேகம் ஆகும்போது அதில் அம்பாள் உருவம் தெரியும் என்பது ஊரார் நம்பிக்கை. தேன் வழியும் நேரம் மட்டும்தான் அந்தத் தரிசனம். சாமி காட்சி கொடுப்பதற்கு ஒரு நேரம் உண்டு, அந்த நேரத்தில் நாம் அங்கே இருக்க வேண்டும் என்று இந்த மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அர்ச்சுனன் தபசிலிருந்து தொடங்குகிறேன். தகப்பன் மகனைத் தேடி வந்து வாரிக் கொடுக்கும் கதை அது. பாசுபதம் வேண்டிக் காட்டுக்குப் போன மகன் முன்னால் இந்திரன் கிழத் தவசியாக வந்து நிற்கிறான். தவம் பண்ண வந்தவனுக்கு வில் எதற்கு, வாள் எதற்கு, கீழே போடு என்கிறான். மகன் அசையவில்லை. அதன் பிறகே நான் இந்திரன் என்கிறான். முதலில் சிவனைப் பார், பிறகு என்னிடம் வா என்று அனுப்புகிறான். சிவன் வேடனாக வந்து, செத்த பன்றி யாருடையது என்று மல்லுக்கு நின்று, அடியும் வாங்கிக்கொண்டு பாசுபதம் கொடுக்கிறான். அப்புறம் மாதலி தேரோடு வந்து இறங்குகிறான். அமராவதியில் தன் ஆசனத்திலேயே பாதி இடம் கொடுத்து மகனை உட்காரவைக்கிறான் தகப்பன். இத்தனை சீராட்டு பாரதத்தில் வேறு பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

கோயில் வெளியில் இதற்காகத் தபசு மரம் நடுவார்கள். நெடுக வளர்ந்த பனையை வெட்டிச் சீவி, ஏறுவதற்குப் படிக்கட்டை அடித்து, உச்சியில் பரண் கட்டியிருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் விரதம் இருந்து வந்தவர். மரத்தைச் சுற்றிவந்து கும்பிட்டுவிட்டு, படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே பிள்ளையில்லாத பெண்கள் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு மரத்தைச் சுற்றிப் படுத்திருப்பார்கள். உச்சியில் தபசு முடித்தவர் மடியிலிருந்து எலுமிச்சம்பழம், வில்வம், பூ, விபூதி என்று எடுத்து வீசுவார். முந்தானையில் விழுந்த பழத்தை அப்படியே மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். தகப்பனிடம் வரம் வாங்க மேலே ஏறிய பிள்ளை, ஏறிய கையோடு கீழே இருப்பவர்களுக்குப் பிள்ளை வரம் கொடுக்கிறான். வில்லிபுத்தூரார் பாட்டில் இந்தக் காட்சி இல்லை, வியாசரிடமும் இல்லை. இந்த மண்ணின் பெண்களும் கூத்தாடிகளும் சேர்ந்து உண்டாக்கியது. பாரதத்துக்கு எத்தனையோ பேர் எத்தனையோ சேர்த்திருக்கிறார்கள்; இதற்கு ஈடாக ஒன்றை நான் படித்ததில்லை.

தபசு மரம் இன்றைக்கும் நடப்படுகிறது. பெண்களும் வருகிறார்கள், கருத்தரிப்பு மையத்தில் ஒரு பக்கம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உட்பட. முன்பு இராத்திரிக் கூத்தின் தொடர்ச்சியாக விடியலை ஒட்டி ஏறியவர் இப்போது பல ஊர்களில் பகலிலேயே ஏறிவிடுகிறார். கூட்டம் அதனால் கூடியிருக்கிறது. மரத்தடியில் செல்போன்கள் உயர்ந்து நிற்கின்றன. பெங்களூரில் வேலைக்குப் போயிருக்கும் பிள்ளை அங்கிருந்தே பார்க்கிறான். இதில் எனக்கு வருத்தம் கிடையாது. மேலே ஏறுபவரின் விரதமும் கீழே படுத்திருப்பவர்களின் வேண்டுதலும் குறையாதவரை பகலானால் என்ன, இராத்திரியானால் என்ன?

கர்ணன் கதைக்கு இது பொருந்தாது. அதற்கு இராத்திரி வேண்டும்.

கர்ணனிடமும் தகப்பன் வருகிறான். வியாச பாரதத்தில் சூரியன் பிராமணன் வடிவில் அவன் கனவில் வந்து, இந்திரன் யாசகனாக வருவான், கவச குண்டலத்தைக் கேட்பான், கொடுக்காதே என்று எச்சரிக்கிறான். ஏன் உன்மேல் எனக்கு இத்தனை அக்கறை என்பது தேவ ரகசியம், காலம் வரும்போது நீயே அறிவாய் என்கிறானே ஒழிய, நீ என் மகன் என்ற சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. பிறகு வருவது அர்ச்சுனனின் தகப்பன். தன் பிள்ளையைக் காப்பாற்ற இன்னொருவன் பிள்ளையின் தோலை உரித்து வாங்கிப் போகிறான். ஒரு மகனிடம் தெய்வம் வந்தது ஆயுதம் கொடுக்க, இன்னொரு மகனிடம் தெய்வம் வந்தது கவசம் பறிக்க.

பிறப்பு தெரியவருவது அதற்கும் பிறகு, போர் மூளப்போகும் தறுவாயில். கண்ணன் சொல்கிறான், அடுத்து குந்தி வருகிறாள். குந்தி பேசி முடித்ததும் சூரிய மண்டலத்திலிருந்தே ஒரு குரல் கேட்கிறது: அவள் சொல்வது மெய், தாய் சொல்லைக் கேள் என்று. பெற்ற தகப்பன் விழித்திருக்கும் மகனோடு பேசும் நேரம் அது. அப்போதும் அவன் பேசுவது மகனைப் பக்கம் மாற்றுவதற்காக. கர்ணன் மாறவில்லை.

வில்லிபுத்தூரார் இந்த இடத்தில் ஒரு சோதனை வைக்கிறார். கர்ணனுக்குத் தாய் நான்தான் என்று சொல்லிக்கொண்டு வந்த பெண்களுக்கு ஒரு தெய்வ ஆடை கொடுக்கப்படுமாம். பொய் சொன்னவர்கள் உடுத்தியதும் எரிந்து சாம்பலாவார்கள். குந்தி உடுத்துகிறாள், எரியவில்லை. வில்லி இந்தத் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர்க்காரர். அவரை ஆதரித்த வரபதி ஆட்கொண்டான் வக்கபாகையில் இருந்து ஆண்ட நடுநாட்டுத் தலைவன். பிரசங்கியார்கள் இன்றைக்கும் படித்துப் பொருள் சொல்வது அவர் பாரதத்தைத்தான். எழுதிய மண்ணிலேயே அது இன்னும் வாசிக்கப்படுகிறது என்பது எனக்குப் பெருமையான சேதி.

கூத்தில் அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ச் சொல்ல வேண்டும். மூன்றாம் சாமம். களரியின் ஓரத்தில் பிள்ளைகள் கோணியில் சுருண்டு தூங்குவார்கள். அதுவரை சலங்கை அதிரச் சுழன்று சுழன்று ஆடிக்கொண்டிருந்த கர்ணன், வெள்ளைப் புடவையில் குந்தி வந்து நின்றதும் ஆட்டத்தை நிறுத்துவார். மிருதங்கம் அடங்கும். முகவீணை மட்டும் இழுக்கும். கட்டைக் கிரீடமும் புஜக்கட்டையும் மார்பதக்கமும் கட்டிய கனத்த உடம்பு அப்படியே நிற்கும்; கால் ஒரு விரல்கூட நகராது. "தேரோட்டி மகன் என்று சபையில் சிரித்தார்களே, அன்றைக்கு எங்கே இருந்தாய்?" என்று வசனத்தில் கேட்பார். கேள்வி குந்திக்கு. பதில் முன்வரிசைக் கிழவிகளிடமிருந்து வரும்: "ஐயோ சாமி, சாகப்போற நேரத்துல வந்து சொல்றாளே!" யாரும் யாரையும் பேசாதே என்று அடக்க மாட்டார்கள். தாய்க்கு இரண்டு வரம் கொடுத்துவிட்டு அவர் கேட்கும் வரம் ஒன்று: நான் விழுந்த பிறகு மடியில் கிடத்தி, இவன் என் பிள்ளை என்று ஊரறியச் சொல். கர்ணன் விழுவது பொழுது புலரும் நேரம். மகன் களத்தில் சாய, கிழக்கே தகப்பன் எழும்புவான். ஜமா என்னும் கூத்துக் குழுவின் வாத்தியார் எல்லா இராத்திரியும் நேரத்தைக் கணக்குப் பண்ணி ஆட்டத்தை இழுத்ததும் சுருக்கியதும் இதற்காகத்தான்.

இப்போது மாறியவை.

வெளிச்சம் முதலில் மாறியது. இலுப்பை எண்ணெய்ப் பந்தத்துக்கு ஏற்றது அந்தச் சிவப்பு அரிதாரமும் கட்டையில் பதித்த கண்ணாடிச் சில்லும்; அசையும் வெளிச்சத்தில் முகம் தானே அசையும். பெட்ரோமாக்ஸ் வந்தது, டியூப்லைட் வந்தது, இன்றைக்கு எல்இடி. எல்லாம் ஒரே சீராகத் தெரிகிறது. இருட்டிலிருந்து வேஷம் வெளிப்படும் அந்தக் கணம் போய்விட்டது. மைக் வந்தபோது ஆட்டமே இடம் மாறியது. நாலு பக்கமும் ஜனம் உட்கார நடுவில் ஆடியவர்கள், தொங்கும் மைக்குக்குக் கீழே வந்து ஒரு பக்கம் பார்த்துப் பாடத் தொடங்கினார்கள். தொண்டை மிச்சமானது உண்மை. இராத்திரி முழுக்கக் கத்திப் பாடி நாற்பது வயதில் குரல் போனவர்களை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மைக்கை அவர்கள் வரவேற்றதில் தப்பே இல்லை.

ஆனால் மைக்கோடு கடிகாரமும் வந்துவிட்டது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை வெளியிடங்களில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல். கூத்துக்காரருக்கு 10 மணி என்பது களரி கட்டும் நேரம். அனுமதி, மனு, காவல் நிலையம் என்று அலைந்து பழகிய விழாக் குழுவினர், எதற்கு வம்பு என்று ஆட்டத்தையே சுருக்கச் சொல்லிவிடுகிறார்கள். போதாததற்குக் காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓட வேண்டியவர்கள் பாதி ஊர். 2020, 2021 இரண்டு பருவமும் கொரோனாவில் போய், கடன்பட்டுத் தொழிலை விட்ட ஜமாக்காரர்கள் உண்டு. சுருக்கும்போது எதை வெட்டுகிறார்கள் என்பதுதான் என் கவலை. கட்டியங்காரன் சிரிப்பு முன்னால் வருகிறது, அது தப்பித்துக்கொள்கிறது. வேஷங்களின் பிரவேசம் பார்க்க அழகு, அதுவும் தப்பித்துக்கொள்கிறது. குந்தியும் கர்ணனும் பேசுவது பின்னிரவில். வெட்டு அங்கேதான் விழுகிறது.

பகல் பிரசங்கமும் மெலிந்துவிட்டது. கூத்தில் நடப்பதன் முன்கதையை அந்தப் பிரசங்கத்தில்தான் ஊர் கேட்டுக்கொண்டது. இன்றைய பிள்ளைகளுக்குக் கர்ணனைத் தெரியாமல் இல்லை. 1964-இல் வந்த சிவாஜியின் 'கர்ணன்' 2012-இல் மறுபடி திரைக்கு வந்து ஓடியது. தொலைக்காட்சியில் மகாபாரதத் தொடர்கள் அடுத்தடுத்து வந்தன. கவச குண்டலம் எப்படி மின்னும் என்று பத்து வயதுப் பிள்ளை சொல்லும். ஆனால் திரையில் பார்ப்பது தனியாகப் பார்ப்பது. ஊரே சாட்சியாக உட்கார்ந்திருக்க ஒருவனின் பிறப்பு வெளிப்படுவது வேறு.

அமெரிக்காவில் 2007-இல் 'சயன்' என்று ஒரு பாத்திர விளையாட்டு வந்தது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, பகடை உருட்டி, பேசியே கதையை நடத்திப் போகும் விளையாட்டு. அதில் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு தெய்வத்தின் பிள்ளை: கிரேக்கத்துத் தெய்வமாகவும் இருக்கலாம், எகிப்துத் தெய்வமாகவும் இருக்கலாம், நம் தேவர்களும் பின்னால் சேர்க்கப்பட்டார்கள். சாதாரண வேலையில் சாதாரணமாக வாழ்ந்துகொண்டிருப்பவன் முன்னால் ஒருநாள் தகப்பனோ தாயோ தோன்றி, நீ யார் என்று சொல்லி, ஆயுதமோ வாகனமோ துணையோ கொடுத்து எழுப்பிவிடுவார்கள். அங்கிருந்துதான் ஆட்டம் தொடங்கும். இதைப் படித்தபோது எனக்கு நம் களரிதான் தெரிந்தது. தெய்வப் பிள்ளை என்ற கற்பனைக்கு உலகம் முழுவதும் இன்னும் ஆள் இருக்கிறது என்பதில் சந்தோஷம். ஆனால் அங்கே எவனும் தன் தகப்பனைத் தானே தேர்ந்துகொள்ளலாம். நம் கூத்தில் குரலையும் உடம்பையும் பார்த்து வேஷம் கொடுப்பவர் வாத்தியார். தெய்வம் வந்து எழுப்புவது அந்த விளையாட்டுக்குத் தொடக்கம். கர்ணனுக்கோ அது கணக்குத் தீர்க்கும் நேரம். இந்தப் பக்கத்து ஜனம் பாசுபதம் வாங்கியவனைக் கும்பிட்டது, எல்லாம் தெரிந்தும் பக்கம் மாறாமல் நின்றவனுக்காக அழுதது.

ஏன் அழுதது என்பதற்கு வெகு தூரம் போக வேண்டாம். பொன்னுருவி என்ற மனைவி கூத்தில் கர்ணனுக்கு உண்டு. தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று அவனை ஏசுபவள். பிறப்பைச் சொல்லிக் காட்டி ஒருவனை ஒதுக்குவது என்ன என்று களரியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பலருக்குத் தங்கள் உடம்பிலேயே தெரியும். சிலர் தள்ளி உட்காரவைக்கப்பட்டுத்தான் இந்தக் கூத்தையே பார்த்தார்கள். அது மாறிவிட்டதா? பக்கத்து விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைவதைத் தடுத்த தகராறில் 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். கர்ணனுக்காக அழும் அதே அம்மன் வாசலில் நடந்தது இது. கூத்துப் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கு இதைவிட வெட்கமான செய்தி வேறில்லை.

கூவாகத்தில் நடந்திருப்பது இதற்கு எதிரான மாற்றம். கூவாகமும் இதே கள்ளக்குறிச்சி மாவட்டம்தான். அங்குள்ள கூத்தாண்டவர் அரவான், அர்ச்சுனனுக்கும் நாகக் கன்னிக்கும் பிறந்தவன், ஆக இந்திரனுக்குப் பேரன். அவனும் தகப்பன் அருகில் இல்லாமல் வளர்ந்த பிள்ளைதான். வியாசரிடம் அவன் தேவலோகத்துக்கே தேடிப்போய், நான் உன் மகன் என்று அர்ச்சுனனிடம் தானாகச் சொல்லிக்கொள்கிறான். மகனை அணைத்துக்கொண்ட தகப்பன் கேட்டது ஒன்று: போர் வந்தால் எங்களுக்குத் துணையாக வா. தமிழில் ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே அவன் களப்பலி வந்துவிடுகிறது. சாகுமுன் கல்யாணம் வேண்டும் என்று அவன் கேட்க, கண்ணன் மோகினியாக வந்து தாலி கட்டிக்கொண்டதாகக் கதை. சித்திரையில் நடக்கும் பதினெட்டு நாள் திருவிழாவில், பௌர்ணமி இரவு திருநங்கையர் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கிறார்கள். முன்பு அக்கம்பக்கத்து ஊர்களின் வேண்டுதலாக இருந்தது இன்று இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் திருநங்கையர் வந்து சேரும் இடமாகிவிட்டது. பெற்றவர்கள் வாசலில் சேர்க்காத பிள்ளைகள், தகப்பனிடம் தானே போய்ச் சொல்லிக்கொண்ட பிள்ளையிடம் வருகிறார்கள். பாரதத்தின் எந்தப் பாத்திரத்துக்கும் நம் காலத்தில் இத்தனை பெரிய சொந்தம் கிடைத்ததில்லை.

கூத்து அழிகிறது என்று ஒப்பாரி வைக்க நான் தயாராக இல்லை. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் 1990 முதல் இயங்குகிறது. 2002-இல் அது தொடங்கிய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டக் கற்றார்கள். ஆணே குந்தியாகவும் பொன்னுருவியாகவும் வந்த களரியில் இது சிறிய மாற்றம் அல்ல. எஸ். ராமகிருஷ்ணன் எழுதி முரளி மனோகர் இயக்கிய 'கர்ண மோட்சம்' குறும்படம் 2008-இல் வந்து தேசிய விருது பெற்றது. வேஷத்தோடு ஊருக்குள் நிற்கும் கூத்துக்காரரை அது நகரத்துப் பார்வையாளரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. வட மாவட்டங்களில் கருமாதிக்கு முந்தின இரவு கர்ண மோட்சக் கூத்து வைக்கும் வழக்கமும் பல ஜமாக்களுக்குச் சோறு போடுகிறது.

விழாக் குழுவில் இருக்கும் தம்பிமார்களுக்கு என் வேண்டுகோள் இது. நேரம் போதாது என்றால் வாத்தியாரைக் கூப்பிட்டு முன்கூட்டியே பேசுங்கள். அன்பளிப்பு கொடுத்தவர் பெயரை நூறு தடவை மைக்கில் படிப்பதைக் குறையுங்கள். பிரமுகர்களுக்குச் சால்வை போடுவதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவோடு முடித்தாக வேண்டும் என்றால் குந்தி வரும் கட்டத்தைப் 11 மணிக்கே கொண்டுவந்துவிடுங்கள். அந்த அரைமணி நேரம் மைக்கை அணைத்துவிட்டால்கூட நல்லது, முன்வரிசைக்குக் கேட்டால் போதும். களரியைச் சுற்றி எந்தத் தெருக்காரர் எங்கே உட்கார வேண்டும் என்று யாரும் இடம் காட்டாதீர்கள்.